நாற்பது மீட்டர் சுருள்

அக்கா காலையிலேயே சொல்லிவிட்டாள், பதினொரு மணிக்குக் கோர்ட்டு என்று. மகள் யாரோடு இருப்பது என்று இன்றைக்கு முடிவு. கோர்ட்டு எட்டு மணி நேரத் தொலைவில். மகளும் அவள் அப்பாவும் அந்த ஊரில். அக்காவுக்குக் கால் முறிந்து கட்டு. வீடியோவில் வந்தால் போதும் என்றிருந்தார்கள். வராவிட்டால் பிள்ளை அவன் பக்கம்தான்.

ஒன்பதரைக்குக் கேபிள் அறுந்தது. டவரும் அதே கேபிளில்தான், செல்போனும் செத்தது. எவனோ தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி, அறுத்து, நல்ல பிள்ளையாக மூடிவிட்டும் போயிருக்கிறான். கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

நான் பதறவில்லை. இருபது வருஷமாக அறுந்ததை ஒட்டுகிறவன். எக்ஸ்சேஞ்சில், அறுந்த இடம் வரை கேபிளின் நீளத்தைச் சொல்லும் மீட்டரை மாட்டினேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்றது. தெருவில் சக்கரம் உருட்டி அளந்து, குழி தோண்டும் கடப்பாரை அண்ணனிடம் இடத்தைக் காட்டினேன். இடுப்பளவு தோண்டினார். கேபிளில் கீறல்கூட இல்லை. மீட்டரைத் திட்டினேன், அண்ணனைத் திட்டினேன், குழியை அகலப்படுத்தச் சொன்னேன். மணி பத்தே முக்கால்.

"வழியில எங்கயாச்சும் கேபிள சுருட்டி வெச்சிருக்கா தம்பி?" என்றார் அண்ணன்.

இருந்தது. போன மழையில் நானேதான் வழியில் ஒரு கேபிள் தொட்டிக்குள் நாற்பது மீட்டர் சுருட்டி வைத்தேன். வரைபடத்தில் அப்புறம் குறித்துக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான். மீட்டர் அந்தச் சுருளையும் சேர்த்தல்லவா அளக்கும், சக்கரம் தெருவை மட்டும்தானே! அறுந்த இடம் நாற்பது மீட்டர் பின்னால். ஓடினோம். அங்கே புது மண் கிடந்தது. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு அதை மிதித்துத் தாண்டித்தான் போயிருக்கிறேன், மடையன்.

கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழைகளில் அக்கா வீட்டு இழையை முதலில் ஒட்ட எடுத்தேன். இரண்டு தடவை பிசகியது. லைன் வந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்.

டவர் இழையையும் ஒட்டியதும் அக்கா கூப்பிட்டாள். வக்கீல் போன் பண்ணினாராம். பிள்ளை அப்பாவோடுதானாம். ஜட்ஜம்மா பதினொன்றேகாலுக்கே முடிக்கப் பார்த்தார்களாம், பிள்ளைதான் விடவில்லையாம்.

"'எங்க மாமாதான் லைன் சரி பண்றவரு, இப்ப வந்துடும், கொஞ்சம் இருங்க'ன்னு சொல்லியிருக்காடா. அவ பேச்ச நம்பி இன்னும் அரை மணி நேரம் உக்காந்திருந்தாங்களாம்."

நான் அடுத்த இழையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நீ என்னடா பண்ணுவ, பாவம்" என்றாள்.

சுருளைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி என்றைக்கும் வராது.