செல்வம்மாளின் இரண்டாம் நம்பர் நாற்காலி

பூஜ்ஜியம் கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்குப் பிறகு கணித உலகில் நிகழ்ந்த ஆகப் பெரிய சம்பவம், ரஞ்சன்குடிக் கோட்டைக்கு நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், சென்ற வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நிகழ்ந்தது என்பதைப் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டத்துப் பெருமக்களுக்கும் இதனால் அறிவிக்கிறோம். கணித மன்றத் தொடக்க விழா. அழைப்பிதழில் தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியன் தம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட பட்டங்கள் மட்டும் இரண்டு வரி. அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல, ‘முன்னிலை: திருமதி செல்வம்மாள், தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு.’

செல்வம்மாள் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிவாளால் அறுக்கும் கூலிக்காரி. குழுத் தலைவர் பெற்றோராக, அதுவும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி சொன்னதால் தலைவரானவள். ஒன்றரை வருஷமாக அவள் ஆற்றிவந்த பணி, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது. ரேஷன் கார்டை விட்டால் அவள் பெயர் அச்சில் வந்தது இதுவே முதல் தடவை. மேடையில் சிறப்பு விருந்தினருக்கு அடுத்த நாற்காலி அவளுக்குத்தான் என்று கணக்கு டீச்சர் வினோதினி சொல்லியிருந்தாள். பெரம்பலூரிலிருந்து நிருபர் வருகிறார், பேப்பரில் படம் வரும் என்றும் சொல்லியிருந்தாள். அந்தப் படத்தில் தான் இருக்க வேண்டும். செல்வம்மாளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, லப்பைக்குடிக்காட்டுக் கடையில் எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு, தெருவையே திரட்டி வந்திருந்தாள்.

“மேடையில ஏறிட்டா எங்களையெல்லாம் கண்ணு தெரியுமாடி?” என்றாள் பக்கத்து வீட்டுத் தனம்.

“நீ கட்டியிருக்கற கலருக்குக் கோட்டையில இருந்து பாத்தாலும் தெரியும், போ.”

அன்றைய புதுமை தலைமையாசிரியருடையது. “மேடையே எண்கோடு! பிரமுகர்களே எண்கள்!” என்று ஒரு வாரமாக முழங்கிவந்தார். மேடை முகப்புத் துணியில் வினோதினி நாற்காலிகளுக்கு நேராக எண் அட்டைகளைக் குத்தியிருந்தாள். ஒன்றில் சிறப்பு விருந்தினர், தொழிலதிபர் முத்தமிழ்செல்வன். பள்ளிக்கு மூன்று மின்விசிறிகள் தந்து, ஒவ்வொரு இறக்கையிலும் தம் பெயரை எழுதவைத்தவர். சுற்றினால் பெயர் தெரியாது, நிறுத்தினால் காற்று வராது. இரண்டில் செல்வம்மாள். மூன்று தலைமையாசிரியருடையது, மைக்கை விட்டு அவர் நகரப்போவதில்லை என்பதால் காலியாகக் கிடந்தது. ஒன்றுக்கு இந்தப் பக்கம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தில் உட்கார ஒருத்தரும் சம்மதிக்காததால் அந்த நாற்காலியில் சால்வைகளை அடுக்கியிருந்தார்கள்.

கடவுள் வாழ்த்து முடிவதற்குள் முன்னாள் ஊராட்சித் தலைவர் வைரக்கண்ணு வந்துவிட்டார். விருந்தினருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். தலைமையாசிரியர் வினோதினியைப் பார்க்க, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி செருகப்பட்டது. வினோதினி அட்டையில் எழுதிக் குத்தினாள். “ஒன்றரை!” என்று கத்தினார்கள் பிள்ளைகள். செல்வம்மாள் ஒரு நாற்காலி தள்ளிப்போனாள்.

அடுத்து இந்நாள் தலைவர் கலைவாணன். முன்னாளுக்கு அப்பால் இந்நாள் உட்காருவதா? “ஒன்றேகால்!” அதைக் கண்ட வைரக்கண்ணு, ஒன்றரையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தார். “ஒன்றே அரைக்கால்!” கலைவாணன் ஒன்றேகாலில் தம்பியை உட்காரவைத்தார். “ஒன்றே பதினாறில் ஒன்று!” பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு இப்படி யாரும் விசிலடித்ததில்லை. மூன்றாம் நம்பர் நாற்காலி ஏற்கெனவே மேடையை விட்டு இறங்கியிருந்தது. இரண்டாம் நம்பரின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

“சார், விழுந்துருவேன் போலருக்குங்க,” என்றாள் செல்வம்மாள்.

தலைமையாசிரியர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். “உங்க நம்பரை யாரும் மாத்தலையேம்மா. அப்பவும் ரெண்டு, இப்பவும் ரெண்டு. கணக்குப்படி நீங்க நகரவே இல்ல.”

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் பத்து விகிதமுறு எண்கள் எழுது என்று மகளுக்கு வீட்டுப்பாடம் வந்தபோது, நடுவுல என்னடி இருக்கு, சந்து பொந்தா இருக்கு என்று செல்வம்மாள் கேட்டிருந்தாள். இப்போது நடுவில் இருப்பவர்களை வரிசையாகப் பார்த்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளை வேட்டி, வெள்ளை வேட்டி, வெள்ளை வேட்டி.

“இதுக்கு முடிவே கெடையாதா டீச்சர்?”

“கெடையாதுக்கா,” என்றாள் வினோதினி, வாயில் குண்டூசியோடு. “எந்த ரெண்டுக்கும் நடுவுல எப்பவும் இன்னொன்னு இருக்கும்.”

“அப்ப இவங்க ஒன்னைப் போய்ப் புடிச்சிருவாங்களா?”

“கிட்டக் கிட்டப் போவாங்க. போய்ச் சேர மாட்டாங்க.”

செல்வம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு எட்டாம் வகுப்பு இவ்வளவு லேசா! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். எல்லா முழங்கால்களுக்கும் முன்னால் நடந்து, மேடையின் அந்தக் கோடிக்குப் போய், சால்வைகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு பூஜ்ஜியத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா! அது பூஜ்ஜியம்மா!” மைக் அலறியது.

“இருக்கட்டுங்க சார். பள்ளிக்கூடத்துல கணக்குல நான் வாங்குனதுதான்.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் தனத்தின் சிரிப்பு தனியாகக் கேட்டது. நான்கு பேரின் நெருக்கலில் ஒரு தோள் மட்டுமே வெளியே தெரிய உட்கார்ந்திருந்த முத்தமிழ்செல்வன் இந்தப் பக்கம் திரும்பினார். “வாங்கம்மா. இங்கதான் கொஞ்சம் காத்து வருது.”

“இப்போது தலைமையாசிரியர் சால்வை அணிவிப்பார்,” என்றார் தலைமையாசிரியர். சால்வைகள் பூஜ்ஜியத்தின் மடியில் இருந்தன. அவர் மேடையின் மறுகோடியில் நின்றார். இடையில் அத்தனை பின்னங்கள். அந்த நேரம் பார்த்து வைரக்கண்ணு முப்பத்திரண்டில் ஒன்று கேட்டு எழ, கலைவாணன் வேட்டியைப் பிடித்து இழுக்க, வழியே இல்லை. செல்வம்மாள் மேலாக இருந்த சால்வையை உதறி விருந்தினருக்குப் போர்த்தினாள். பளிச்சென்று கேமரா மின்னியது. அதன் பிறகுதான் பிரமுகர்கள், பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இடம் சும்மா கிடப்பதைக் கவனித்து, ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கினார்கள்.

“வாங்க வாங்க,” என்றாள் செல்வம்மாள். “இங்கயும் முடிவு கெடையாதாம்.”

“அரை!” என்று கத்தினார்கள் பிள்ளைகள்.

மறுநாள் வெங்காயக் காட்டுக்குத் தனம் பேப்பரோடு ஓடிவந்தாள். எல்லாரும் அரிவாளைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஆளாளுக்குத் தொட்டதில் படத்தின் ஓரத்தில் செம்மண் ஒட்டியது. கீழே நாலு வரி. தனம் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: “கணித மன்ற விழாவில் தொழிலதிபர் முத்தமிழ்செல்வன், தலைவர் கலைவாணன், முன்னாள் தலைவர் வைரக்கண்ணு, தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியன் மற்றும் பலர்.”

“ஒம் பேரு எங்கடி?”

“அதான் கடைசியில போட்டிருக்கானே, பலர்னு,” என்றாள் செல்வம்மாள்.

படத்தில் இருந்தது இரண்டே பேர்.