ஓர்ம்ஸ்விக் என்ற பெயர்

ஓர்ம்ஸ்விக் என்ற குடும்பப் பெயர், இங்கிலாந்து முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஐந்தாறு வீடுகளில்தான் இருக்கும். யார்க்‌ஷயர் கரையில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருந்ததாம். தேவாலயத்தோடும் கல்லறைகளோடும் அதைக் கடல் விழுங்கிவிட்டது. தப்பியவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் சுமந்துகொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். இன்றும் அந்தப் பெயர்க்காரர் ஒருவர்கூடக் கடலோரத்தில் குடியிருப்பதில்லை. என் கணவர் கில்பர்ட் வீடும் டார்பிஷயர் மலைமேல்தான்.

எங்கள் மகள் பிறந்ததும் அவருடைய அத்தை மாட் பிடிவாதம் பிடித்தாள்.

"பிள்ளைக்கு உன் அப்பா வீட்டுப் பேரையே வெச்சுடுடி. உன் மாமனார் கடலையே பார்த்ததில்ல. படுத்த கட்டில்லயே செத்தான், நெஞ்சு முழுக்க உப்புத்தண்ணி. நான் அந்த ஸ்மித்தைக் கட்டினதே இந்தப் பேரைக் கழட்டிப் போடத்தான். பின்னே, அந்த மூஞ்சிக்காகவா?"

"கடலென்ன தபால்காரனா, பேரு பார்த்து வீடு தேடி வர? சும்மா இருங்க அத்தை!" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் ஓர்ம்ஸ்விக் என்றே பதிந்துவிட்டுத் திரும்பினேன். நல்ல வெயில். தொட்டிலில் கிடத்தியபோது மகள் ஒரு கையை இறுக மூடியிருந்தாள். விரல்களை மெல்லப் பிரித்தேன். உள்ளே ஈரமான கடல்மணல்.

"என்ன பேருடி பதிஞ்சே?" வாசலில் அத்தை.

மணலைத் துடைத்துக்கொண்டே, "எங்கப்பா வீட்டுப் பேருதான், அத்தை!" என்று கத்தினேன், கடலுக்கும் கேட்கட்டும் என்று.