பெயர் வாயில் நுழையாத ஒருத்திக்காக

1

இந்தக் கதை பக்கத்துக் கேபினிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு விருதுநகரில் மிளகாய் வற்றல் கமிஷன் கடை. கடையைப் பூட்டிய பிறகு, வாரத்தில் சில மாலைகள் காளிராஜ் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். கையால் எழுதிய கதையை அங்கே தட்டச்சு செய்து பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். கேபின்களுக்கு நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு மட்டும்தான். கூரை வரை போகாது. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நாம் "நூறு" சொல்லலாம்.

2008ஆம் வருஷம் ஆவணியில் ஒரு மாலை, அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் ஓதிக்கொண்டிருந்தது. "ஓஹோ... மானோ... காசா... ஓஹோ..." நான் மந்திரம் என்று நினைத்துத் தட்டச்சை நிறுத்தினேன். சாமி காரியத்தில் குறுக்கே சத்தம் போடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன்.

மந்திரமில்லை, ஸ்பானிஷ். ஓஹோ என்றால் கண். மானோ, கை. காசா, வீடு.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"சிவகாசியின் கரிய வானத்தில் ஒற்றை நட்சத்திரமாக வேல்விழி —"

அந்தக் குரலுக்கு உரியவள்தான் வேல்விழி; இதற்குள் பழக்கமாகியிருந்தாள். இதை அவளிடமே காட்டினேன். "அண்ணாச்சி, நான் இருக்கது இங்கன விருதுநகரை ஒட்டி, சூலக்கரை. நட்சத்திரமெல்லாம் வேண்டாம். பேரை மட்டும் மாத்திராதீக, எங்கம்மாகிட்ட காட்டணும்" என்றாள்.

இரண்டாவது தொடக்கம்:

"வறுமை துரத்த, வெளிநாட்டு வேலை ஒன்றைக் கனவு கண்டு அவள் —"

"எந்த வேலை? எனக்குத்தான் பிரஸ்ல வேலை இருக்கே. நீங்களா ஏன் என்னை அழ வைக்கீக?"

மூன்றாவது, "மொழி என்பது ஒரு பாலம்" என்று ஆரம்பித்தது. அவள் படித்தாள். தாளைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். அது போதுமாக இருந்தது.

"அப்படியென்றால் நீ ஏனம்மா ஸ்பானிஷ் படிக்கிறாய்?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவன் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

3

வேல்விழி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறாள். அங்கே ஓர் ஏற்றுமதி ஆர்டர் வந்தது: சின்னக் குழந்தைகளுக்கான படப்புத்தகம், ஸ்பானிஷில். எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்துதான்; சிலவற்றின் தலையில் மட்டும் ஒரு கோடு, ஒரு சுழி. வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரியும் அச்சும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். அர்த்தம் தெரிய வேண்டியதில்லை.

கலர் சரியாக விழும்வரை ஓடுகிற தாள்கள் வேஸ்ட். அவற்றை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் அம்மா சோலையம்மாள் அவற்றை அலமாரித் தட்டுகளில் விரித்தார். உப்பு ஜாடிக்குக் கீழே பூனை, எண்ணெய்த் தூக்குக்குக் கீழே சூரியன்.

"பூனை, சூரியன் எல்லாம் படத்தைப் பார்த்தாலே தெரியுது அண்ணாச்சி. ஒரு தாள்ல மட்டும் ஒரு அம்மா பிள்ளையைத் தூங்க வைக்கா. வெளக்கு அணைஞ்சிருக்கு. பிள்ளை பயந்துபோய் முழிக்குது. கீழே ஒரு வரி. அவ என்ன சொல்லுதான்னு தெரியலை. தெனமும் உப்பு எடுக்கப் போகும்போது அந்தப் படத்தைப் பார்ப்பேன். அதைத் தெரிஞ்சுக்கிடத்தான் ஆரம்பிச்சேன்."

அந்த வரி: அக்கீ எஸ்தோய். இங்கேதான் இருக்கேன்.*

* வாசகரே, இதற்கு மேல் ஒரு மொழியில் வேறென்ன சொல்ல வேண்டும் என்று எழுத ஆசைப்பட்டேன். வேல்விழி திட்டுவாள் என்று அடிக்குறிப்பில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

4

இப்போது ஒதீலியா வர வேண்டும். இவளை எழுதத்தான் எனக்குப் பயம். நான் பார்க்காத ஊர், தெரியாத மொழி. [அழகான கறுத்த கூந்தல், வண்ண உடை என்று எழுதி அடித்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?] எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மொழி பழக விரும்புகிறவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் ஓர் இணையதளத்தில் வேல்விழிக்கு அவள் கிடைத்தாள். மெக்சிகோவில் ஒரு சிறிய ஊர். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அமெரிக்காவில் இருக்கும் அக்காள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டும்தான் வருமாம். அவர்களோடு பேச ஆங்கிலம் வேண்டும். வேல்விழி கொஞ்சம் ஆங்கிலம் கொடுப்பாள், கொஞ்சம் ஸ்பானிஷ் வாங்குவாள். இங்கே மாலை ஏழு மணி என்றால் அங்கே காலை. ஹெட்போனை மாட்டியதும் இருவரும் முதலில் சொல்வது அந்தப் படப்புத்தக வரிதான். "அக்கீ எஸ்தோய்." பிறகுதான் மற்றதெல்லாம்.

வேல்விழியின் ஸ்பானிஷ் மூன்று வயதுப் பிள்ளையின் ஸ்பானிஷ். நாய், நிலா, கை, கண், பெரியது, சின்னது. இதை வைத்துக்கொண்டு என்ன பேச முடியும் என்று நினைக்கிறீர்களா? ஒருநாள் ஒதீலியா, தன் கணவன் தோமாஸ் என்ன வேலை செய்கிறான் என்பதைச் சொல்ல ஸ்பானிஷில் முயன்றாள், ஆங்கிலத்தில் முயன்றாள். கடைசியில் வாயால் "டும்" என்றாள்.

வேல்விழி திரும்ப "டும்" என்றாள். "என் அம்மாவும்."

தோமாஸ் ஒரு வாணப் பட்டறையில் வேலை பார்க்கிறான். சோலையம்மாள் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போகிறார். அன்றைக்கு இரண்டு பேரும் பாடத்தைத் தொடவில்லை என்று நினைவு. சிரிப்புச் சத்தம்தான் தடுப்பைத் தாண்டி வந்தது.

5

புரட்டாசி. தீபாவளிக்கு முந்தைய சீசன். கம்பெனிகளில் வேலை நெருக்கும் மாதம்.

அன்று நான் என் கேபினில் இருந்தேன். மெக்சிகோவிலிருந்து ஒதீலியா, தோமாஸ் இப்போதுதான் பட்டறைக்குக் கிளம்பினான் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குள் ஹெட்போனில் ஒரு வெடிச்சத்தம்.

"எங்கன?" என்று அலறினாள் வேல்விழி. நாற்காலி விழுந்தது. அவள் தெருவுக்கு ஓடினாள்.

எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் எல்லோர் வாயிலும் வரும் சொல் அது. எங்கன? எந்தத் திசை, எந்தக் கம்பெனி, யார் வீட்டு ஆள்? வாசலுக்கு வந்து எந்தப் பக்கம் புகை எழுகிறது என்று வானத்தைப் பார்ப்பார்கள். அப்படித்தான் அவளும், மெக்சிகோவில் கேட்ட சத்தத்துக்கு, விருதுநகர்த் தெருவில் நின்று அண்ணாந்து புகையைத் தேடினாள்.

[இங்கே வேல்விழியின் அப்பாவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. "அது வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். எடுத்துவிட்டேன்.]

எதிரே செல்லச்சாமியின் டீக்கடை. அவள் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு அங்கிருந்தவர்களும் கிளாஸோடு வெளியே வந்து அண்ணாந்தார்கள். "எங்கன? எங்கன?" சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார்.

"எங்கன தாயி சத்தம்? எனக்குக் கேக்கலையே?" என்றார் செல்லச்சாமி.

"மெக்சிகோல."

இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். எழுதியும் வைத்தேன்: "எல்லோரும் கொல்லென்று —" இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. சைக்கிள்காரர் மட்டும் கேட்டார். "அங்கன ஒனக்கு யாரு இருக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் கரண்ட் போனது. அந்த வருஷம் நாள் தவறாமல் போனது போல.

காளிராஜின் யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச்சிட்டு அடங்கியது. "ஏலே காளி, அந்தப் புள்ளையக் கூட்டிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போ. அங்கன ஒரு சென்டர்ல ஜெனரேட்டர் இருக்கு. கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார் செல்லச்சாமி.

காளிராஜ் தன் வண்டியில் அவளைப் போட்டி சென்டருக்கே கொண்டுபோய் விட்டான். அங்கே திறந்து பார்த்தால் ஒதீலியா இணைப்பில் இல்லை. வேல்விழி செய்தி எழுதினாள். விபத்து என்பதற்கோ காயம் என்பதற்கோ அவளிடம் ஸ்பானிஷ் சொல் கிடையாது. படப்புத்தகத்தில் அவை இல்லை. இருந்த சொற்களால் எழுதினாள்:

வீடு? தோமாஸ்? கை? கண்? நீ? இங்கேதான் இருக்கேன்.

ஜெனரேட்டரில் டீசல் தீரும்வரை காத்திருந்தார்கள். பதில் வரவில்லை.

6

சோலையம்மாளை நான் முதலில் தவறாக எழுதினேன். மகளின் படிப்பைக் கரித்துக்கொட்டும் தாயாக. கதைக்கு ஒரு முட்டுக்கட்டை வேண்டுமே. "இந்தக் கோட்டிக்காரத்தனத்தை விடு" என்று ஒரு வசனம்கூடக் கொடுத்திருந்தேன். அதை அவரிடமே வாசித்துக் காட்டினாள் வேல்விழி. "அந்த அண்ணாச்சியை ஒருநாள் சாப்பிட வரச்சொல்லு. நான் எப்பிடிப் பேசுவேன்னு கேட்டுட்டு எழுதட்டும்" என்றாராம். போனேன். சாப்பிட்டேன். கேட்டதை எழுதுகிறேன்.

வெடிச்சத்தம் கேட்ட அன்று இரவு, வீட்டில் வேல்விழி தட்டைத் தொடவில்லை.

"சோறு ஆறுது. எந்த மாப்பிள்ளை நெனப்பு?"

"மாப்பிள்ளை இல்லம்மா. அந்த மெக்சிகோக்காரி."

"ஓஹோக்காரியா? அவளுக்கென்ன வந்துச்சு?"

வேல்விழி சொன்னாள். சோலையம்மாள் கை கழுவிக்கொண்டிருந்தார். அலுமினியப் பவுடர் அப்பிய விரல்கள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் வெள்ளி மினுக்கம் போகாது.

"அவ வீட்டுக்காரன் என்ன வேலைன்ன?"

"வெடி வேலைதாம்மா. ஒன்னய மாதிரி."

சோலையம்மாள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார்.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? அப்ப அவ நம்மாளுல்ல."

அலமாரியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து ஒரு துண்டு கிழித்தார். ஒரு காசை வைத்து முடிந்தார். இருக்கன்குடிக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார்.

"ஆத்தா, மாரியாத்தா. அந்தப் புள்ள பேரு என் வாயில நுழையலை. ஒனக்குத் தெரியும். அவ வீட்டு ஆளு முழுசா வீடு வந்து சேரணும்."

முடிச்சை ஆணியில் மாட்டிவிட்டு, "இப்பச் சாப்பிடு" என்றார். வேல்விழி சாப்பிட்டாள்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று. அன்று அந்த ஊரில் மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதரின் திருவிழா. காலைப் பூசைக்கு வாணம் விட்டார்கள். ஹெட்போனில் கேட்டது அதுதான். தோமாஸ் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

இரண்டு. தோமாஸ் பட்டறைக் கதவைத் திறந்தபோது — [இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை. நடக்காது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரன் அப்படிச் சொல்ல முடியாது.]

மூன்று. இங்கே நாற்காலி விழுந்த சத்தமும், ஓர் அலறலும், பிறகு ஒன்றுமில்லாமையும் ஒதீலியாவுக்குக் கேட்டிருக்கும் அல்லவா? வேல்விழியின் அம்மா என்ன வேலைக்குப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் கோயிலுக்கு ஓடி, பெயர் வாயில் நுழையாத ஒருத்திக்காக மெழுகுதிரி ஏற்றினாள். சோலையம்மாள் காசு முடிந்த அதே நேரத்தில்.

வேல்விழி மூன்றையும் படித்தாள். மூன்றாவதைப் படிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது சிரிப்பா, வேறெதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"இதுல ஒண்ணு நடந்தது அண்ணாச்சி."

"எது?"

"சொல்லுதேன். ஆனா கதைல போடாதீக."

சொன்னாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு, ஏன் போடக் கூடாது என்று கேட்டேன்.

"காசு முடிஞ்சப்ப எங்கம்மாவுக்கு முடிவு தெரியாது. டீக்கடைல வானத்தைப் பாத்தவுகளுக்கும் தெரியாது. காளி அண்ணனுக்கும் தெரியாது. படிக்கவுகளுக்கு மட்டும் எதுக்கு?"

முடிவைத் தெரிந்துகொண்டு செய்யும் நல்லதை நான் என் வாழ்நாளில் நிறையவே செய்திருக்கிறேன். தெரியாமல் செய்தது குறைவு.

8

இதைத் தட்டச்சு செய்யும்போது பக்கத்துக் கேபினில் நாற்காலி இழுபடுகிறது. ஹெட்போன் மாட்டும் சத்தம். பிறகு அவள் குரல்: "அக்கீ எஸ்தோய்." பிறகு ஒரு சிரிப்பு.

யாரோடு சிரிக்கிறாள்? வேறொரு புதிய சிநேகிதியாகவும் இருக்கலாம். எழுந்து நின்றால் தடுப்புக்கு மேலாகத் திரை தெரியும். நான் உயரமானவன்தான். எழுந்திருக்கப் போவதில்லை.

வாசகரே, முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவசரமில்லை. அதற்கு முன் ஒரு காசை எடுங்கள். மஞ்சள் துணி இல்லையென்றால் கைக்குட்டை நுனி போதும். உங்கள் சாமி எந்தத் திசையோ அந்தத் திசையைப் பார்த்து முடியுங்கள்.

பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. ஆத்தாவுக்குத் தெரியும்.