ஃபெலிபா இருந்தாளா?

தல்வீனாவின் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள், எதிர்த்தரப்பு வக்கீல்தான். ஊர்க்காரர்கள் அதைப் புனித பெனெடிக்ட் சிலைக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுவத்தி ஏற்றியதோடு சரி. அடிமைகளாக இருந்து தப்பியோடியவர்களின் வம்சத்தில் முதல் டாக்டர் பட்டம். பன்றி அடித்துக் கொண்டாடினார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் கேட்டது?

இப்போது ஊருக்காகச் சாட்சி சொல்ல வந்தவளிடம் கோர்ட்டில் கேட்கிறார்கள். ஆற்றங்கரை நிலமும் பனந்தோப்பும் ஊருக்கா, மாட்டுப்பண்ணை முதலாளிக்கா என்று வழக்கு. கரும்பாலையிலிருந்து பிள்ளையோடு ஓடிவந்த ஃபெலிபா என்ற மூதாய் குடியேறிய மண் இது என்பதுதான் ஊருக்கு இருந்த ஒரே பிடி.

"டாக்டரம்மா, இது உங்க எழுத்துதானே?" என்று வக்கீல் குழைந்தார். "'ஃபெலிபா என்றொருத்தி இருந்ததற்கு ஆதாரம் இல்லை. இம்மக்களே அவளை உருவாக்கிக்கொண்டார்கள்.' சரிதானே?"

"அடுத்த வரியையும் படிங்க சார்."

"அது என் வாயில நுழையல. நீங்களே படிங்களேன்."

படித்தாள். "மேலாதிக்க ஆவணக் கதையாடலின் மௌனங்களில் இடையீடு செய்யும் எதிர்நினைவின் நிகழ்த்துகையாக..." வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்த பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், இன்னொரு தடவை, மெதுவா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தல்வீனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஃப்ராங்க்ஃபர்ட், பாரீஸ் தத்துவக்காரர்களையெல்லாம் கரைத்துக் குடித்து, சாவோ பாவ்லோவில் ராவும் பகலும் உட்கார்ந்து, தன் ஜனத்துக்காகவே எழுதிய வரி அது.

"ஐயா, அதாவது... அடிமைக்கு யாருங்க பத்திரம் எழுதி வெச்சா? இருந்ததையும் எரிச்சுட்டாங்க. அதனால ஜனங்களே தங்களோட கதைய..."

"அப்ப கதைதான்," என்றார் வக்கீல்.

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"நீங்க சொல்றது இந்த வரியில எங்கம்மா இருக்கு?" நீதிபதி அதட்டக்கூட இல்லை. "ஃபெலிபா இருந்தாங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

பின்வரிசையில் மொத்த ஊரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் உட்கார்ந்திருந்தது. ஆம் என்றால் ஆய்வு பொய். இல்லை என்றால் நிலம் போச்சு. எத்தனையோ ஆவணக் காப்பகங்களில் தூசி தின்றும் அவளுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. அந்த உண்மையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"தெரியலங்க ஐயா."

போதும் என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே லாரிக்காக நின்றார்கள். யாரும் திட்டவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தோப்பில் பனங்கொட்டை உடைத்து விற்று அவளைப் படிக்கவைத்த எருந்தினா அத்தை கிட்டே வந்தாள்.

"ஏண்டி, எனக்கு மட்டும் சொல்லு. அந்த மகராசி நெசமாவே இருந்தாளா?"

தல்வீனா உடைந்துபோனாள். "இருந்தா அத்தை. சத்தியமா இருந்தா."

லாரி வந்ததும் அத்தை திரும்பினாள்.

"இத உள்ள சொல்லியிருக்கலாமேடி," என்றுவிட்டு லாரியில் ஏறினாள்.