அப்பாவின் தாழி

என் தம்பி நேசக்குமாருக்குப் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். ஆலந்தலையிலிருந்து கடலுக்குப் போன அப்பா திரும்பாமல் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வள்ளம் கவிழ்ந்து கிடந்தது, ஆள் கிடைக்கவில்லை. உடம்பைக் காணாமல் அடக்கம் செய்யக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றான். எனக்கோ ஒரு பிடி மண் போட்டு அழுது தீர்த்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் சேர்ந்து போடாத மண்ணை நான் மட்டும் எப்படிப் போட?

அப்பாவின் சட்டையையும் ஜெபமாலையையும் அவர் மீனுக்கு உப்புப் போட்ட மண் தாழியில் வைத்து, ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்கு இருக்கும் துண்டு நிலத்தில் புதைக்கலாம் என்றேன். இடுப்பு உயரம், அகன்ற வாய். அதைத் தொட்டி என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும், தாழி என்றுதான் சொல்ல வேண்டும்.

நேசன் சிரித்தான்.

"கருவாடு போடுத தாழியில அப்பாவையா? கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

வந்த ஆத்திரத்தில் தாழியை லோடு ஆட்டோவில் ஏற்றி, குழி வெட்ட மாசானம் என்பவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தடுப்பதற்காக அவனும் பின்னாலேயே வந்தான்.

இடுப்பளவு வெட்டியதும் மண்வெட்டி எதிலோ தட்டியது. மாசானம் கையால் மண்ணை விலக்கினார். சிவந்த, தடித்த விளிம்பு ஒன்று வளைந்துகொண்டே போனது. எங்கள் வீட்டுத் தாழியின் விளிம்பேதான். உள்ளே மண்ணோடு மண்ணாக ஒரு மண்டையோடு, மடங்கிய எலும்புகள், பக்கத்தில் சின்னக் கிண்ணம். மாசானம் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு குழியை விட்டு ஏறினார்.

முதுமக்கள் தாழி என்று பள்ளிக்கூடத்தில் படித்து மார்க் வாங்கியவர்கள்தான் நாங்கள். ஆதிச்சநல்லூர் என்ன தூரமா? ஆனாலும் பரீட்சையில் எழுதிய சொல்லும், கொல்லையில் கருவாட்டு வாடையோடு கிடந்த சொல்லும் ஒன்றுதான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை, பாருங்கள். மண்ணில் தாழ வைத்ததால் தாழி என்று வந்திருக்கலாம் என்று தமிழ் வாத்தியார் சொன்னது அப்போதுதான் உறைத்தது. தயிரோ மீனோ மனுஷனோ, விட்டுவிட மனமில்லாததை எல்லாம் நம் ஆட்கள் இதில்தான் வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் வருஷமோ, அம்மாடி.

நேசன் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தான், எழுந்து போய் எங்கள் தாழியின் விளிம்பையும் தடவினான். பிறகு அதை மண் போட்டு மூடச் சொன்னான். தாசில்தார் ஆபீஸில் தகவல் சொல்லிவிடலாம் என்றான். வரப்போரமாகத் தள்ளி வேறு குழியை அவனே வெட்டினான். எங்கள் தாழியை இறக்கி, அப்பாவின் சட்டையை மடித்து ஜெபமாலையோடு உள்ளே வைத்தவனும் அவன்தான்.

"அப்பா இனி வரமாட்டாவ, என்னக்கா?"

"வரமாட்டாவ லே" என்றேன்.

அவன்தான் முதலில் மண்ணை அள்ளினான்.