வருகைப் பதிவில் பிரியங்கா

"அந்தப் பெண் பள்ளிக்கு வந்தே ஆறு மாதமாகிறது" என்றார் தலைமையாசிரியை.

தன் காதில்தான் சரியாக விழவில்லை என்று வித்யாலக்ஷ்மி நினைத்தாள். கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில் யார்டை ஒட்டிய பள்ளி அது. ஜன்னலுக்கு வெளியே ஒரு எஞ்சின் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது.

"பிரியங்கா மாரியப்பன். ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு" என்று வங்காளத்தில் மறுபடியும் நிதானமாகச் சொன்னாள்.

"தெரியும். கோடை விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வகுப்பாசிரியை இரண்டு முறை வீட்டுக்குக் கடிதம் அனுப்பினார்."

"முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பில் இருந்தாளே!"

வித்யாலக்ஷ்மிக்கு நாற்பத்தெட்டு வயது. அவளுடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றபின் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் சேர்ந்தாள். படிப்பை விட்டுவிடுவார்கள் என்று பயப்படும்படி இருக்கும் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளிகள் குழுவுக்குக் கொடுக்கும். சனி, ஞாயிறுகளில் யார்டுக்குப் பக்கத்தில் இருந்த பேட்டைக்காரர்கள் நடத்தும் ஒரு பாடா கிளப்பின் அறையில் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு. வித்யாவுக்குக் கணக்கு. பேருந்தில் ஹூக்ளிப் பாலம் தாண்டி அவள் வந்துபோவாள்.

ஜூனில் வந்த பட்டியலில் இருபத்து மூன்று பேர். அதில் பிரியங்காதான் அவளுடைய பெருமை. முதலில் பின்னங்களைக் கண்டாலே பேனாவை மூடி வைத்துவிடும் பெண், நவம்பருக்குள் இயற்கணிதத்தில் வகுப்பையே முந்திக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பெண் வேறு. வருகை குறைவாக இருந்தாலும் அவளை ஆண்டுத் தேர்வு எழுத விட வேண்டும் என்று கேட்கத்தான் அவளுடைய நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு அன்று பள்ளிக்கு வந்திருந்தாள்.

தலைமையாசிரியை பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்து, சேர்க்கைப் படிவத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். மூலையில் ஒரு பாஸ்போர்ட் படம். வட்ட முகம், சற்றே தூக்கிய பல், கேமராவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் கண்கள்.

வித்யாவின் வகுப்பில் உட்காரும் பெண்ணுக்கு நீண்ட முகம். அவள் சிரித்து வித்யா பார்த்ததே இல்லை.

"இவள் இல்லை" என்றாள்.

"இவள்தான் பிரியங்கா. ஐந்தாம் வகுப்பிலிருந்து இங்கே படிக்கிறாள்." தலைமையாசிரியை அடுத்த தாளைப் புரட்டினார். "ஆகஸ்டில் ஓர் அதிகாரி வந்தார். நீண்ட நாள் வராத பெண்களின் வீடுகளுக்குப் போய், கல்யாணம் கில்யாணம் நடந்துவிட்டதா என்று விசாரித்தார். இந்த வீட்டில் பெண்ணின் அம்மா இதைக் காட்டினாராம்."

அது பயிற்சி வகுப்பின் வருகை அட்டையின் நகல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். முதல் வாரத்தைத் தவிர ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. மற்ற ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை மையில் வித்யாவின் சுருக்கொப்பம்.

"வாரம் தவறாமல் படிக்க வருகிறாள், பெண் வீட்டில்தான் இருக்கிறாள் என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். உங்கள் கையெழுத்து இருந்ததால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை."

வித்யா அந்தக் கையெழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை மைப் பேனாவை அவளே தேடி வாங்கியிருந்தாள். சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று.

பள்ளியிலிருந்து பத்து நிமிட நடையில் அந்த வரிசை வீடுகள். மாரியப்பன் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ரயில் பெட்டிகள் கழுவும் வேலையில் இருந்தார். அவர் மனைவி பட்டு, விடியற்காலையிலேயே கிளம்பிப்போய் இரண்டு வீடுகளில் சமைத்துவிட்டு மத்தியானம் திரும்புவாள். வித்யா போனபோது பட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க மிஸ்! என்ன இந்த நேரத்துல? பிரியங்கா ஏதும் தப்புப் பண்ணிட்டாளா?"

"பிரியங்கா எங்கே?"

"உள்ள தான் இருக்கா. ஏய் பிரியங்கா..."

"அந்தப் பொண்ணைக் கேக்கலை. நெஜப் பிரியங்கா எங்கே?"

பட்டுவின் கை கீரையிலேயே நின்றது. அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "உள்ள வாங்க" என்றாள்.

ஒற்றை அறை. வித்யாவின் மாணவி தரையில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வித்யாவைக் கண்டதும் எழுந்து நின்றாள். மிஸ்ஸுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று என்று அவள் புரிந்துகொண்டது, எழுந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சு மிஸ்" என்றாள் அந்தப் பெண். "மே மாசம். எங்க மாமாவுக்கே குடுத்துட்டாங்க. சாத்தூர்ப் பக்கம் இருக்கா."

"வாய மூடுடி!" என்றாள் பட்டு.

"பதினஞ்சு வயசும்மா அவளுக்கு!" வித்யா கத்தியே விட்டாள்.

"எனக்குத் தெரியாதா மிஸ்? நான்தான பெத்தேன்?" பட்டுவும் குரலை உயர்த்தினாள். "ஸ்கூலுக்குப் போற வழியில ஒருத்தன் தெனம் பின்னாலயே வந்தான். இவரு யார்டுல, நான் அடுத்தவங்க அடுப்படியில. யார் மிஸ் பாத்துக்குவா? என் தம்பி கேட்டான். நல்ல பையன், குடிக்க மாட்டான். சொந்தத்துல குடுத்தா பத்திரமா இருப்பான்னு..."

கீரைக்காம்பு ஒட்டிய கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வித்யா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ யாரு?"

"நான் அவ அக்கா. பேச்சியம்மா. பதினேழு ஆகுது."

"ஏன் அவ பேர்ல வந்தே?"

பேச்சியம்மா வித்யாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு நெஜமாவே ஞாபகம் இல்லையா மிஸ்?" என்றாள்.

"என்ன ஞாபகம்?"

"மொதல் நாள் வந்தேனே. நீங்க வாசல்ல லிஸ்ட்ட வெச்சிக்கிட்டு நின்னீங்க. பேரு கேட்டீங்க. பேச்சியம்மாள்னேன். எந்த ஸ்கூல்னீங்க. அஞ்சாவதோட நின்னுட்டேன், தம்பி பொறந்து செத்துப்போனான், அம்மாவுக்கு முடியலன்னேன். நீங்க லிஸ்ட்டப் பாத்துட்டு, 'இது படிச்சிண்டு இருக்கறவாளுக்கு மட்டும்தான்மா, நின்னுபோனவாளுக்கு இல்லே'ன்னு சொன்னீங்க."

வித்யாவுக்கு எதுவும் நினைவு வரவில்லை. அந்த வாக்கியம் தன்னுடையதுதான் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"மறுவாரம் பிரியங்கான்னு சொல்லிட்டு வந்தேன். டிக் போட்டு உள்ள விட்டீங்க. மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயந்துக்கிட்டே நின்னேன். நீங்க பாக்கவே இல்ல மிஸ்."

அவள் குற்றம் சொல்வது போலப் பேசவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வித்யா அங்கிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அதிகாரி வந்தாரே, ஆகஸ்ட்ல? அப்போ உங்க அம்மா அட்டையைக் காட்டினது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"பிரியங்கா அங்கே நன்னாத்தான் இருக்காளா?"

பேச்சியம்மா குனிந்து நோட்டை மூடினாள். "ஃபோன் பண்ணுவா. ஒரு நாள், 'அக்கா, என்னையக் கூட்டிட்டுப் போ, எனக்கு இங்க பயமா இருக்கு'ன்னு அழுதா. வெள்ளிக்கிழமை அது. மறுநாள் நான் கிளாஸுக்கு வந்தேன். அன்னைக்குத்தான் இருபதுக்கு இருபது வாங்குனேன். நீங்க எல்லாரையும் கை தட்டச் சொன்னீங்க."

யார்டிலிருந்து பெட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தம் வந்தது.

"அவ திரும்பி வந்துட்டா அந்தப் பேரு அவளுக்குப் போயிரும்ல மிஸ்" என்றாள் பேச்சியம்மா. "அதான் யார்கிட்டயும் சொல்லல. என்னைய அடிக்கணும்னா அடிங்க."

வித்யா அவளை அடிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்கு வந்து கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். பட்டு பின்னாலேயே ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். என் தம்பிய உள்ள வெச்சிருவாங்க. நம்ம ஆளுன்னு நெனச்சுத்தான் பிள்ளைய உங்க கிட்ட அனுப்பினேன்."

"அவ போன வெள்ளிக்கிழமையும் அழுதாளோ என்னவோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் வித்யா. "கையை விடும்மா."

அவளே விடுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்து, பெயர், வயது, ஊர், மாமனின் பெயர் எல்லாம் சொன்னாள். மாமனின் பெயரையும் தெருவையும் பின்னால் நின்றுகொண்டிருந்த பேச்சியம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். அழுதுகொண்டே கொடுத்தாள்.

மறுநாள் வித்யா விசாரணைக்காகத் தன் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதினாள். அந்த அட்டையில் இருக்கும் கையெழுத்துகள் தன்னுடையவை, ஆனால் அந்த நாட்களில் பிரியங்கா என்ற மாணவி தன் முன் ஒருமுறைகூட உட்காரவில்லை என்று. எழுதும்போது இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தாள். அவள் கணவர் வெங்கடநாராயணன் படித்துப் பார்த்துவிட்டு, "நீ வேணும்னு பண்ணலையே. இப்படி எழுதினா உன் மேலயும் கேள்வி வருமே" என்றார்.

"வரட்டும்" என்றாள்.

பிரியங்காவை மீட்க ஒன்பது நாட்களாயின. மாமனைக் கைது செய்தார்கள். மாரியப்பனும் பட்டுவும் விசாரணைக்கு அலைந்தார்கள். மாரியப்பனுக்கு யார்டு வேலை போயிற்று. வரிசை வீடுகளில் வித்யாவோடு பேச யாரும் முன்வரவில்லை. டிசம்பரில் பிரியங்காவை ஹவுராவில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்துக்கு அழைத்து வந்தார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு புதன்கிழமை காலை வித்யா அங்கே போனாள்.

வார்டன் அழைத்து வந்த பெண்ணைக் கண்டதும் அவள் எழுந்து நின்றாள். அதே வட்ட முகம், தூக்கிய பல். ஆனால் படத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கண்கள் இப்போது எதையும் அடக்கவில்லை. அடக்க அவற்றில் எதுவும் இல்லை. ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள் இந்தப் பெண்ணின் பெயரை உரக்கக் கூப்பிட்டிருக்கிறாள். இன்றுதான் பார்க்கிறாள்.

"நீங்கள்தான் வித்யா மிஸ்ஸா?" என்றாள் அந்தப் பெண், வங்காளத்தில். தமிழைவிட அதுதான் அவளுக்கு எளிதாக வந்தது. "அக்கா ஃபோனில் உங்களைப் பற்றிச் சொல்வாள்."

"என்ன சொல்வாள்?"

"நீங்கள் நடத்திய கணக்கை எல்லாம் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபோன் செய்து, அன்றைக்கு நடந்த பாடத்தை முதலிலிருந்து சொல்லித் தருவாள். 'நீ வந்ததும் பரீட்சை எழுதணும், மறந்துடாதே' என்பாள். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அவள் பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று 'ம்' போட்டுக்கொண்டே இருந்தேன்."

பேச்சியம்மா இதைச் சொல்லவே இல்லை. தன் மேல் பழி வருவதை எல்லாம் சொன்னவள் இதை மட்டும் விட்டிருந்தாள்.

"அக்கா மேல் உனக்குக் கோபமா?"

பிரியங்கா தன் விரல்களைப் பார்த்தாள். "ஆமாம்" என்றாள். "அவள் எப்படி இருக்கிறாள்?"

"அன்றைக்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை."

"நான் வந்துவிட்டதால் அவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்களா?"

"இல்லை" என்றாள் வித்யா. "அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அவளுடைய சொந்தப் பெயரை."

அது உண்மைதான். குழுவின் கூட்டத்தில் அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். ஏற்கெனவே நின்றுபோனவர்களைச் சேர்க்க நம்மிடம் ஆளில்லை, இடமில்லை என்றார்கள். அப்படியானால் நானும் இல்லை என்றாள். இரண்டு மணி நேரச் சண்டைக்குப் பிறகு, நின்றுபோனவர்களுக்கென்று கிளப்பில் இன்னொரு அறையைக் கேட்டு வாங்கினார்கள்.

ஆனால் பேச்சியம்மா வரவில்லை. வித்யா மூன்று முறை வீட்டுக்குப் போனாள். முதல் முறை பட்டு கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்து, வாசலை மறித்து நின்றாள். மூன்றாம் முறை, ஹவுராவில் பிரியங்கா சொன்னதை வித்யா வாசலில் நின்றபடியே பட்டுவிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன்களைப் பற்றியும், அந்த 'ம்' பற்றியும். உள்ளேயிருந்து ஒரு விசும்பல் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை பேச்சியம்மா வந்தாள். புதிய அறையில், தன்னைவிட வயதில் மூத்த இரண்டு பெண்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வித்யா பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, நிமிர்ந்து, முகத்தைப் பார்த்த பிறகுதான் குறித்தாள். அங்கே சேர்ந்திருந்த இருபத்தெட்டுப் பேருக்கு அது நேரமெடுத்தது. பேச்சியம்மாவின் முறை வந்தபோது அவள், மற்றவர்களைப் போல வங்காளத்தில் இல்லாமல், "இருக்கேன்" என்று தமிழில் சொன்னாள். முன்னால் இருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.