குட்டி ஆட்டின் தைமஸ்

1983-இல் திருவண்ணாமலைக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் நானும் ஆதிலட்சுமியும் வேலை பார்த்தோம். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் சில வெள்ளையணுக்கள் நோயை எதிர்க்கப் பக்குவப்படுகின்றன. அவற்றுக்குச் சேதி சொல்பவை புரதங்கள். இதையெல்லாம் மாணவர்களுக்குப் படத்தில்தான் காட்டிவந்தோம். நிஜத்தைக் காட்ட ஆதிலட்சுமிக்கு ஆசை.

ஆட்டின் தைமஸ் கேட்டு ஜமால் பாயின் கறிக்கடைக்குப் போனோம். அன்று வெட்டிய கிடாவில் அந்த இடத்தில் வெறும் கொழுப்புதான் இருந்தது.

"அது குட்டியிலதாம்மா ஜாஸ்தி. வயசானா கரைஞ்சிடும். புதன்கிழமை வாங்க, எடுத்து வெக்கிறேன்" என்றார் பாய். எங்கள் புத்தகமும் அதையேதான் சொன்னது.

புதன்கிழமை பாய் தந்த குட்டியின் தைமஸைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தோம். ஊதா மணிகளைக் கொட்டியதுபோல் அத்தனை அணுக்கள். ஆதிலட்சுமி கண்ணை எடுக்கவே இல்லை.

"இதுங்களுக்குச் சேதி சொல்ற புரதத்தையெல்லாம் கண்டுபுடிச்சிட்டாங்களாடி?"

"இப்பதான் ஒன்னொன்னா பிரிச்சு எடுக்கறாங்களாம்."

"அப்ப நானும் போறேன்" என்றாள்.

அடுத்த வருஷமே ஆராய்ச்சிக்காகச் சென்னைக்குப் போய்விட்டாள். அவள் கட்டுரைகள் தபாலில் வரும்; எனக்குப் பாதிதான் புரியும். அவளுக்குப் பிறகு எத்தனையோ பேருடன் வேலை செய்தேன். அந்தச் சந்தோஷம் மட்டும் திரும்ப வாய்க்கவில்லை.